பெயரும் விலையும்: தொழில்முறை கோல்ஃப் பந்தயக் குறிப்புகளை வாசிக்கும் முறை

தொழில்முறை கோல்ஃப் போட்டி ஒன்று வழக்கமாக வியாழக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். அதற்கு முந்தைய மூன்று நாள்களில், யார் வெல்வார், யார் முதல் பத்து இடங்களுக்குள் வருவார், யார் பாதியிலேயே வெளியேறுவார் என்று பெயர் சொல்லி வெளியிடப்படும் ஆருடங்களைப் பந்தய உலகம் ‘டிப்ஸ்’ என்கிறது. கிண்டி குதிரைப் பந்தயத்தின் வழியே தமிழ்ப் பேச்சுக்குள் வந்த இச்சொல், இன்று கைபேசியின் வழியே, சேலம் – தர்மபுரி சாலையில் மேட்டூர் வழி பிரியும் தொப்பூர் போன்ற, கோல்ஃப் மைதானத்தின் நிழல்கூட விழாத ஊர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் நடக்கும் ஆட்டம் இந்திய நேரப்படி மாலையில் தொடங்கி விடியும்வரை நீள்வதால், தொப்பூர்க் கணவாயை ஒட்டி இரவில் வண்டியை நிறுத்தி ஓய்வெடுப்பவருக்கும் கடையைப் பூட்டிவிட்டு உறக்கம் வராமல் இருப்பவருக்கும் அது கைக்கெட்டும் பொழுதுபோக்காகிவிட்டது. அத்தகைய குறிப்பு ஒன்று கைக்கு வந்தால் அதை எப்படி வாசிப்பது, அதில் எது தகவல், எது வெறும் பெயர் என்று எப்படிப் பிரித்தறிவது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

வாசிப்பது என்ற சொல்லோடு இங்கே நிறுத்திக்கொள்வதற்குச் சட்டமே முதற்காரணம். தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஆளுநர் ஒருமுறை திருப்பியனுப்பி, சட்டமன்றம் 2023 மார்ச் மாதம் மீண்டும் நிறைவேற்றிய பின், அதே ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் பணம் வைத்துப் பந்தயம் கட்டுவதை அச்சட்டம் சூதாட்டம் என்றே வரையறுப்பதால், கட்டுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ ₹5,000 வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ ₹5 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பந்தயத் தளத்தின் இணைப்பை ஒட்டி ஒரு குறிப்பை நண்பர் குழுவில் அனுப்புபவரும் இரண்டாவது பிரிவின் எல்லைக்குள் வந்துவிடக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நாடாளுமன்றச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தையும் குற்றமாக்கியது. ஆடுபவரை அது தண்டிக்கவில்லை என்றாலும் மாநிலச் சட்டம் தண்டிக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், அதன் 30-ஆம் பிரிவில், பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்று கூறிவிட்டது. அதாவது, வென்ற தொகையைத் தர மறுக்கும் தளத்தின் மீது இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்து அதை வசூலிக்க இயலாது.

திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இடையிலான அந்தப் பழைய வேறுபாடு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் புகழ்பெற்றது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாது, அது திறமை சார்ந்தது என்று கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான கிண்டி மைதானத்தில், குதிரைகள் ஓடும் வளையத்துக்கு உள்ளேயே சென்னை ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது என்பது இந்த நூலின் நோக்கில் சுவையான செய்தி. ஓடும் குதிரையின் மீது சுற்றிலும் பணம் கட்டப்பட, நடுவே பந்தை உருட்டியவர்கள் மீது எவரும் கடை விரிக்கவில்லை. அம்மைதானத்தை நடத்திய ரேஸ் கிளப்பின் கையிலிருந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. தீர்ப்பில் உள்ள வாதத்தைக் கோல்ஃப் பந்தயக்காரர்கள் தங்களுக்கும் பொருத்திக் கூறுவதுண்டு. கோல்ஃப் திறமை ஆட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் திறமை மட்டையைப் பிடித்தவருடையது, பணம் கட்டியவருடையது அன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான குறிப்புகள் பிழைக்கின்றன.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாக அறிந்துகொண்டால் போதும். ஒரு சுற்றில் 18 குழிகள். நான்கு நாள்களில் நான்கு சுற்றுகள், 72 குழிகள். பந்தை மொத்தமாகக் குறைந்த எண்ணிக்கையில் அடித்து முடிப்பவர் வெல்கிறார். ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த வீரருக்குத் தேவைப்படும் எண்ணிக்கை என்று முன்கூட்டியே விதித்த அளவு ‘பார்’. இரண்டு சுற்றுகள் முடிந்ததும் பட்டியலின் கீழ்ப்பாதி வெளியேற்றப்படும். அந்தக் கோட்டுக்குக் ‘கட்’ என்று பெயர். அமெரிக்காவின் பிஜிஏ டூர் போட்டித் தொடரில் முதல் 65 இடங்களும் அவற்றோடு சமநிலையில் நிற்பவர்களும் கட் தாண்டுவார்கள். அமெரிக்க ஓபனில் அந்த எண் 60, மாஸ்டர்ஸ் போட்டியில் 50. தமிழில் நீளத்தை அளக்கும் அடியும் மட்டையால் அடிக்கும் அடியும் ஒரே சொல்லாக அமைந்துவிட்டதால், குழப்பம் நேராமல் இருக்க, மட்டையின் அடியை இவ்வத்தியாயம் ‘ஷாட்’ என்றே குறிக்கும்.

இனி விலை. ஒரு வீரர் வென்றால் கட்டிய தொகைக்கு எத்தனை மடங்கு திரும்பக் கிடைக்கும் என்பதே ‘ஆட்ஸ்’. அதைப் பந்தயத்தின் விலை எனலாம். ஒருவருக்கு 8.00 என்று விலை போட்டிருந்தால், கட்டிய ₹100-க்கு ₹800 திரும்பும். 100-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 12.5 என்பதே, அந்த விலை ஒப்புக்கொள்ளும் வெற்றி வாய்ப்பின் சதவீதம். ‘இவர் வெல்வார்’ என்பது அரைக் குறிப்பு. ‘இவருக்கு வாய்ப்பு 15 சதவீதம், பந்தயம் ஏற்கும் கடைக்காரரோ (புக்கி) 12.5-க்கு உரிய விலையே போட்டிருக்கிறார்’ என்பதே முழுக் குறிப்பு. கையில் வரும் டிப்ஸ்களை இந்த ஒரு சல்லடையில் போட்டால் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும், ஏனெனில் அவற்றில் பெயர் இருக்கும், கூடிப்போனால் விலை இருக்கும், அந்த விலை ஏன் தவறு என்பதற்கான கணக்கு இருக்காது.

சல்லடையைத் தாண்டியதையும் கடைக்காரரின் பங்கு விழுங்குகிறது. ஒரு போட்டியில் களமிறங்கும் 120 பேரின் விலைகளையும் மேற்சொன்னபடி சதவீதமாக்கிக் கூட்டினால் 100 வரவேண்டும். வராது, கூடுதலாகவே வரும். அந்தக் கூடுதலே புக்கியின் இலாபம். இருவர் மோதும் டென்னிஸ் ஆட்டத்தில் அதை மறைக்க இடம் குறைவு; 120 பேர் உள்ள பட்டியலில் ஒவ்வொரு பெயரிலும் அரைக்கால் சதவீதம் ஒளித்து வைத்தாலும் யார் கண்ணிலும் படாது. கூட்டுத்தொகை 140 என்று கொண்டால், எல்லாப் பெயர்களின் மீதும் விலைக்கேற்பப் பிரித்து ₹140 கட்டுபவருக்கு, யார் வென்றாலும் ₹100 திரும்பும். நூற்றுக்கு இருபத்தெட்டு ரூபாய்க்கு மேல் கதவிலேயே போய்விடுகிறது. உலகத்தின் தலைசிறந்த ஆய்வாளர் எழுதிய குறிப்பும் அந்த இருபத்தெட்டை மீட்ட பிறகே முதல் ரூபாயைச் சம்பாதிக்க வேண்டும்.

பெயருக்கும் வாய்ப்புக்கும் உள்ள இடைவெளியை உணர்த்தத் தொப்பூர்க் கணவாயைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரையிலான இறக்கத்தில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை விடும் பழக்கத்தாலும், தொடர்ந்து மிதித்து பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதாலும், பாரலாரிகள் கட்டுப்பாட்டை இழக்கின்றன என்பதைச் சாலைப் பொறியாளரும் காவல் துறையினரும் ஊர்க்காரர்களும் ஒருங்கே அறிவர். எந்த வளைவு, எத்தகைய சுமை, எந்தத் திசை என்பதை உறுதியாகச் சொல்லலாம். நாளை எந்தப் பதிவெண் கொண்ட லாரி என்று கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. கோல்ஃபும் அவ்வாறே. எத்தகைய ஆட்டக்காரருக்கு எந்த மைதானம் ஒத்துவரும் என்பதை அறியலாம், ஆனால் 120 பேரில் இந்த ஞாயிறு கோப்பையைத் தூக்குபவர் இவர் என்று அறிய வழியில்லை. டிப்ஸ் எழுதுபவரோ முதல் வகை அறிவைக் காட்டி இரண்டாம் வகை அறிவை விற்கிறார்.

வரலாறும் இதையே காட்டுகிறது. 2010-இல் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் நடந்த விண்டம் சாம்பியன்ஷிப் போட்டியில், திங்கள்கிழமைத் தகுதிச் சுற்றில் ஆடி இடம்பிடித்த அர்ஜுன் அட்வால், அதே ஞாயிறன்று வென்று, பிஜிஏ டூரில் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். அந்த வாரத்தின் டிப்ஸ்கள் எழுதத் தொடங்கியபோது அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. 2003-இல் பிரிட்டிஷ் ஓபனை வென்ற பென் கர்டிஸ் அப்போது உலகத் தரவரிசையில் 396-ஆம் இடத்தில் இருந்தார். பெங்களூரில் கேடியாக, அதாவது பிறர் ஆட மட்டைப்பையைச் சுமந்து நடப்பவராக, வாழ்க்கையைத் தொடங்கிய சி.முனியப்பா 2009-இல் இந்திய ஓபனை வென்றார். மறுபுறம், எக்காலத்துக்குமான பெரும் வீரர்களுள் ஒருவரான டைகர் உட்ஸ் பிஜிஏ டூரில் பெற்ற 82 வெற்றிகளை அவர் ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால், ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே கூடுதலாகத்தான் வருகிறது. ஐந்து வாரங்களில் நான்கு வாரம் தோற்பவரே இந்த ஆட்டத்தின் மன்னர்.

இவ்வளவுக்கும் பிறகு, நன்கு எழுதப்பட்ட குறிப்பில் கற்க ஏதுமில்லை என்று கொள்வதும் பிழை. மைதானப் பொருத்தம் பற்றிய பகுதி பெரும்பாலும் பயனுள்ளது. 2025 அக்டோபரில் டிபி வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப் நடந்த டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானம் இருபுறமும் அடர்ந்த புதர் சூழ்ந்த குறுகிய பாதைகளைக் கொண்டது. மிகத் தொலைவுக்கு அடிக்கப் பயன்படும் மட்டைக்கு ‘டிரைவர்’ என்று பெயர் (தொப்பூரில் அச்சொல்லுக்கு வேறு பொருள் என்பதால் வாசகர் சற்று நிதானிக்க வேண்டும்). அங்கே அந்த டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, தூரத்தைக் குறைத்து நேராக அடிப்பவருக்கே பாதை திறக்கிறது. தூரத்தால் உலகை வென்ற ரோரி மெக்கல்ராயும் ஆடிய அப்போட்டியை, துல்லியத்துக்குப் பெயர்பெற்ற டாமி ஃப்ளீட்வுட் பாருக்கு 22 குறைவாக ஆடி வென்றார். கொல்கத்தாவைச் சேர்ந்த எஸ்.எஸ்.பி.சௌரசியா, 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும் 2016-இல் இந்திய ஓபனையும் இதே மைதானத்தில் பெற்றதும் அந்தப் பொருத்தத்தின் சான்றே. முடிவு தெரிந்த பின் இவ்வாறு விளக்குவது எளிது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இரண்டாவது பயனுள்ள கருவி, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி வகுத்து, 2011 முதல் பிஜிஏ டூர் வெளியிடும் ‘ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்’ என்னும் அளவீடு. பந்து நிற்கும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் குழியை முடிக்கச் சராசரி வீரருக்கு எத்தனை ஷாட் தேவை என்று கணக்கிட்டு, குறிப்பிட்ட வீரர் அதைவிட எவ்வளவு மிச்சப்படுத்தினார் என்று அது சொல்கிறது. குழியிலிருந்து எட்டு அடி தொலைவில் பந்து இருந்தால், தொழில்முறை வீரர்களில் பாதிப்பேர் ஒரே உருட்டில் போடுவார்கள், மீதிப்பேர் இரண்டில் முடிப்பார்கள். ஆகவே சராசரி 1.5. ஒரே உருட்டில் போட்டவர் அரை ஷாட் ஈட்டியவர், தவறவிட்டவர் அரை ஷாட் இழந்தவர். இந்த முறையில் பல்லாயிரம் சுற்றுகளை ஆராய்ந்த பிராடி, சிறந்தவரையும் சராசரியானவரையும் பிரிக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்களில்தான் பிறக்கிறது என்று கண்டார். கிரீன் என்னும் மழித்த புல்தரையில் பந்தை உருட்டும் பட்டிங்கின் பங்கு அதைவிடப் பன்மடங்கு சிறியது. அதுவும் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவது. எனவே, சென்ற வாரம் எல்லா உருட்டும் விழுந்தது, ஆகவே இந்த வாரமும் இவரே என்று சொல்லும் குறிப்பை நம்பிக்கையோடு ஒதுக்கலாம். நீண்ட ஷாட்களில் பல மாதங்களாகத் தொடர்ந்து ஈட்டிவரும் ஒருவர் பட்டிங்கால் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லும் குறிப்பு நின்று வாசிக்கத் தக்கது.

குறிப்புகளில் அடிக்கடி வரும் ‘ஈச் வே’ என்னும் சொல்லுக்குள் இன்னொரு கழிவு ஒளிந்திருக்கிறது. வெற்றிக்கு ஒரு பாதி, முதல் ஐந்து போன்ற இடங்களுக்குள் வருவதற்கு ஒரு பாதி என இரு பந்தயங்களைச் சேர்த்துக் கட்டுவதே அது. ஒருவருக்கு விலை, கட்டிய தொகை நீங்கலாக, ஒன்றுக்கு நாற்பது, இடப்பந்தயத்துக்கு அதில் கால்பங்கு, அதாவது ஒன்றுக்குப் பத்து என்றும், இரு பாதிக்கும் நூறு நூறாக ₹200 கட்டப்பட்டது என்றும் கொள்வோம். அவர் தனித்து நான்காம் இடத்தில் முடித்தால் வெற்றிப் பாதி போய்விடும். இடப்பாதி ₹1,100 தரும். நிகர இலாபம் ₹900. ஆனால் கோல்ஃபில் கீழ் இடங்களில் சமநிலையே வழக்கம். ஐந்தாம் இடத்தில் அவரோடு மேலும் இருவர் சமமாக நின்றால், ஓர் இடத்தை மூவர் பங்கிடுவதாகக் கொண்டு ₹100 பந்தயம் ₹33.33 ஆகச் சுருக்கப்படும், திரும்புவது ₹366.67, நிகரம் ₹166.67 மட்டுமே. இரு நிலைகளையும் டிப்ஸ் எழுதியவர் மறுவாரம் ‘நம் ஆள் இடம்பிடித்தார்’ என்ற ஒரே வரியில்தான் எழுதுவார்.

பணம் வாங்கிக்கொண்டு டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் வரும் குறிப்புகள் வேறு இனம். அங்கே ஆட்டத்தைப் பற்றிய அறிவே தேவையில்லை. ஒரே குழுவாக மூவர் சேர்ந்து ஆடும் சுற்றில் அம்மூவருள் குறைந்த எண்ணிக்கையில் முடிப்பவர் யார் என்பது ‘த்ரீ பால்’ பந்தயம். ஒருவரிடம் 729 பேரின் கைபேசி எண்கள் இருந்தால், அவர்களை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் வெவ்வேறு வீரரின் பெயரை அனுப்பினால் போதும்; சமநிலையை விட்டுவிட்டால், எவர் வென்றாலும் 243 பேருக்குக் குறிப்பு பலித்திருக்கும். அந்த 243 பேரை மட்டும் மறுநாள் மூன்றாகப் பிரித்தால் 81, அடுத்த போட்டியின் முதல் நாளில் மீண்டும் பிரித்தால் 27. மூன்று முறை தொடர்ந்து பலித்ததைத் தம் கண்ணாலேயே கண்ட அந்த இருபத்தேழு பேரும், நான்காம் குறிப்புக்குக் கட்டணம் கேட்டால் மறுப்பது கடினம். எஞ்சிய 702 பேருக்கு என்ன வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஒரு குழுவின் வெற்றிப் பட்டியலைக் காணும்போது கேட்கவேண்டியது, பலித்தவை எத்தனை என்பதை அல்ல. பலிக்காதவையும் சேர்த்து, போட்டி தொடங்கும் முன்பே, தேதியோடும் விலையோடும், எல்லோருக்கும் ஒன்றாக வெளியானவை எத்தனை என்பதையே.

கட்டணமோ முன்பணமோ கொடுத்து ஏமாந்தவர் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் முடக்க அந்த முதல் சில மணி நேரமே உதவும். மாநிலத்தின் பழைய சூதாட்டச் சட்டமும் 1930-ஆம் ஆண்டினது என்பது தற்செயல் ஒற்றுமை; எண்ணை நினைவில் வைக்க அது உதவக்கூடும். கட்டாமல் இருக்க முடியவில்லை என்ற நிலையை எட்டியவருக்கு 104 என்ற மாநில உதவி எண்ணும் 14416 என்ற மனநல உதவி எண்ணும் உள்ளன.

பணமின்றி இக்கலையைப் பழக விரும்புபவருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். புதன்கிழமை இரவு, அந்த வாரப் போட்டியில் பத்து வீரர்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே தாம் எண்ணும் வெற்றி வாய்ப்பைச் சதவீதத்தில் குறிக்கவேண்டும். பத்தும் சேர்ந்து அறுபதைத் தாண்டினால், பட்டியலில் உள்ள மற்ற நூற்றுப்பத்துப் பேருக்கும் சேர்த்து நாற்பதுகூட மிஞ்சவில்லை என்று பொருள், எனவே அழித்துவிட்டு மீண்டும் எழுதவேண்டும். அருகே கட் தாண்டும் வாய்ப்புக்கு இன்னொரு பத்தி. வெற்றியைவிடக் கட் அடிக்கடி நிகழ்வதால், கணிப்பின் தரத்தைச் சோதிக்க அந்தப் பத்தியே விரைந்து உதவும். எழுபது சதவீதம் என்று குறித்த பெயர்களை மட்டும் இருபது வாரங்கள் கழித்துத் தனியே எண்ணிப் பார்த்தால், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் கட் தாண்டியிருக்க வேண்டும். ஒன்பது பேர் தாண்டியிருந்தாலும் கணிப்பு தவறியதாகவே கொள்ளவேண்டும், ஐந்து பேர் தாண்டியிருந்தால் எவ்வளவு தவறோ ஏறத்தாழ அவ்வளவு.